ஒரு காற்புள்ளியின் பொருட்டு

கையேடுகளை யாரும் இலக்கியமாக வாசிப்பதில்லை. எனக்கோ, ஜாங்கோ என்னும் வலைச் சட்டகத்தின் ஆவணங்களை வாசிப்பதும், கண்ணில் படுகிற சிறு பிழைகளைத் திருத்தி அனுப்புவதும் சில ஆண்டுகளாகப் பழக்கமாகிவிட்டது. ‘இதெல்லாம் ஒரு வேலையா?’ என்று நண்பர் ஒருவர் கேட்டார். அப்போது சொல்லத் தவறிய பதிலை இங்கே எழுதுகிறேன்.

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில், லாரன்ஸ் நகரத்துச் செய்தித்தாள் ஒன்றின் அலுவலகத்தில் உருவாகி 2005-இல் பொதுவுக்கு வந்தது ஜாங்கோ. ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற ஜாஸ் கிதார் கலைஞரின் பெயரைத் தாங்கியது. செய்தித்தாளில் பிறந்ததாலோ என்னவோ, எழுத்தின்மீது அதற்கு ஒரு மரியாதை உண்டு. நிரல் இருக்கும் அதே களஞ்சியத்தில்தான் ஆவணங்களும் இருக்கின்றன. ஆவணத்தில் ஒரு சொல்லை மாற்றினாலும், நிரலைப் போலவே, இன்னொருவர் பார்த்து ஒப்பிய பிறகே அது உள்ளே போகும். எழுத்துப்பிழை போன்றவற்றுக்கு மட்டும் தனியே முறையீடு பதிய வேண்டியதில்லை. திருத்தத்தை நேரே அனுப்பலாம்.

சிறு பிழை என்றேன். எவ்வளவு சிறியது? பைத்தான் மொழியில் அடைப்புக்குறிக்குள் இரண்டு பெயர்களைக் காற்புள்ளியிட்டு எழுதினால் அது ஒரு தொடர். ஒரே ஒரு பெயர்தான் என்றால் அதன் பின்னும் ஒரு காற்புள்ளி வேண்டும். அது விடுபட்டால் அடைப்புக்குறி வெறும் அலங்காரம்; உள்ளிருப்பது தொடர் அல்ல, தனிச்சொல். அதைத் தொடரென்று நம்பும் நிரல், சொல்லை எழுத்தெழுத்தாகப் பிய்த்து, ஒவ்வோர் எழுத்தையும் ஒரு கோப்புறையின் பெயராக எண்ணித் தேடப் புறப்பட்டுவிடும். யாரோ எழுதிய வழிகாட்டிக் குறிப்பில் அந்தக் காற்புள்ளி இல்லாததால் ஒரு மாலைப்பொழுதை நான் முழுதாக இழந்திருக்கிறேன். 2015 டிசம்பரில் வெளியான 1.9 பதிப்பில் ஜாங்கோவின் இயல்பமைப்புகளில் இருந்த இத்தகைய தொடர்கள் எல்லாம் சதுர அடைப்புப் பட்டியல்களாக மாற்றப்பட்டன. பட்டியலில் இந்த ஆபத்து இல்லை.

அந்த மாலையில் என்னை வருத்தியது நேர இழப்பு அல்ல. குறிப்பில் பிழை இருக்கக்கூடும் என்று எனக்குக் கடைசிவரை தோன்றவேயில்லை. தவறு என்னுடையது, எனக்கு இது வராது என்றே நம்பினேன். புதிதாகக் கற்க வருகிறவன் அச்சிட்டதைச் சந்தேகிப்பதில்லை, தன்னைத்தான் சந்தேகிப்பான். அனுபவம் உள்ளவர்கள் பிழையைக் கண்டதும் மனத்துக்குள் திருத்திக்கொண்டு கடந்துவிடுகிறார்கள். ஆகவே பிழை அங்கேயே, அடுத்தவனுக்காகக் காத்திருக்கிறது.

இதே காரணத்தால்தான் ஜாங்கோவின் ஆவண நெறிமுறை ‘எளிதாக’, ‘வெறுமனே’ போன்ற சொற்களைத் தவிர்க்கச் சொல்வதையும் நான் ஆதரிக்கிறேன். 2019-இல் ‘வெளிப்படையாகவே’ என்பதையொத்த சொற்களும் தேடி நீக்கப்பட்டன. இலக்கணப்படி அவற்றில் பிழை இல்லை. ஆனால் எளிது என்று சொல்லப்பட்ட ஒன்று புரியாமல் நிற்பவனுக்கு அந்தச் சொல் ஓர் அவமானம்.

மறுபக்கமும் உண்டு, அதை மறைப்பது நேர்மையாகாது. இந்த ஆவணங்களைப் பிரெஞ்சு, ஜப்பானியம் போன்ற மொழிகளில் பெயர்க்கிறார்கள். ஆங்கில மூலத்தில் ஒரு காற்புள்ளி நகர்ந்தாலும் அந்த வாக்கியத்தின் மொழிபெயர்ப்பை மொழிபெயர்ப்பாளர் மீண்டும் பார்க்க நேரும். என் சுகத்துக்காக ஒரு வாக்கியத்தை அழகுபடுத்தினால் எங்கோ முகம் தெரியாத பலருக்கு வேலை வைக்கிறேன். 2020 அக்டோபரில் நடந்தது இன்னும் மோசம். திருத்தங்கள் அனுப்புவோருக்குச் சட்டை பரிசளித்துவந்த ஹாக்டோபர்ஃபெஸ்ட் என்ற ஆண்டு நிகழ்வில், சட்டைக்காகவே பலர் பற்பல திட்டங்களின் அறிமுகக் கோப்புகளில் பொருளற்ற சொற்களைச் செருகி அனுப்பினார்கள். சம்பளமின்றிப் பராமரிப்பவர்கள் குப்பை அள்ளினார்கள். சில நாட்களுக்குள், விரும்பிச் சேரும் திட்டங்களுக்கு மட்டுமே நிகழ்வு என்று விதியை மாற்ற வேண்டியதாயிற்று. (தம் நூல்களில் பிழை கண்டவர்களுக்கு டொனால்ட் கனூத் அனுப்பிய 2.56 டாலர் காசோலைகளைப் பலர் பணமாக்காமல் சட்டமிட்டு மாட்டிக்கொண்டார்கள். அதுவும் ஒரு பரிசுதான். ஆனால் அதற்கு நூலை வாசித்திருக்க வேண்டும்.)

எனவே நான் எனக்கு வைத்துக்கொண்ட விதி இது: வாசகனைத் தடுக்கி விழச்செய்யும் பிழையானால் உடனே அனுப்புவேன், என் காதுக்கு மட்டும் உறுத்துவதானால் ஒரு வாரம் ஆறப்போடுவேன். பெரும்பாலும் அந்த வாரத்துக்குப் பின் உறுத்தல் போய்விடுகிறது.

நண்பருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் அனுப்பிய முதல் திருத்தமே ஏற்கப்படவில்லை. ஒரு சொல்லில் ‘யு’ எழுத்து விடுபட்டிருக்கிறது என்று எழுதியிருந்தேன். இந்த ஆவணங்கள் அமெரிக்க எழுத்துக்கூட்டலைப் பின்பற்றுபவை, அங்கே அந்த ‘யு’ கிடையாது என்று ஒருவர் பணிவாக இரண்டு வரியில் பதில் எழுதினார். பள்ளியில் பிரிட்டிஷ் கூட்டலை அடித்துச் சொல்லிக்கொடுத்த ஆசிரியரை நினைத்துக்கொண்டேன்.