நன்னீர்த் தொட்டி கடலாகுமா?

கண்ணாடித் தொட்டியில் கப்பியும் பொன்மீனும் வளர்த்துப் பழகிய மாணவர்க்கு அடுத்துத் தோன்றும் ஆசை யாதென்பதை ஆசிரியத் தொழிலில் உள்ளோர் நன்கறிவர். "சேர், இதே தொட்டியில் உப்பைக் கரைத்துக் கடல்மீன் வளர்க்கலாமா?" என்பதே அது. 2003 ஆம் ஆண்டில் வெளிவந்த 'நீமோ' படத்திற்குப் பின்னர் இக்கேள்வி சிறு பிள்ளைகளிடமிருந்தும் வருகின்றது. வளர்க்கலாம் என்பதே விடை. ஆயினும், பழைய தொட்டியிலிருந்து புதிய தொட்டிக்கு வருவன கண்ணாடியும் காற்றுப் பம்பியும் மாத்திரமே என்பதை முதலில் மனத்திற் கொள்ளவேண்டும். மற்றவை யாவும் மாறவேண்டும். வளர்ப்பவருடைய பழக்கங்களும் ஓரளவு மாறவேண்டும்.

ஏன் மாறவேண்டும் என்பதை உயிரியல் கற்கும் மாணவர் எளிதில் உணர்வர். நன்னீர் மீனின் குருதியிலுள்ள உப்பு, அது வாழும் நீரிலுள்ள உப்பிலும் மிகுதி. ஆதலால், பிரசாரணத்தின் காரணமாக, பூக்கள் எனப்படும் செவுள்களின் வழியே நீர் ஓயாது உட்புகுந்தவண்ணமிருக்கும். அம்மீன் நீர் குடிப்பதில்லை என்றே சொல்லலாம். புகுந்த நீரை வெளியேற்றுவதே அதன் சிறுநீரகத்திற்குப் பெரும்பணி. கடல்மீனின் நிலை இதற்கு நேர்மாறானது. கடல்நீரின் உப்பு அதன் குருதியிலுள்ளதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. அதன் உடல்நீரைக் கடல் இழுத்துக்கொண்டேயிருக்கின்றது. நீரின் நடுவே பிறந்து வளர்ந்தும் அது தாகங் கொண்ட உயிர்! கடல்நீரைப் பருகி, பருகிய உப்பைச் செவுள்களிலுள்ள தனிக் கலங்களால் வெளியே தள்ளி, அரிதின் முயன்று அது வாழ்கின்றது. ஆகவே, பொன்மீன் இருக்கும் தொட்டியில் உப்பைக் கொட்டுதல் அதனை உயிரோடு கருவாடாக்குதலை ஒக்கும். பழைய மீன்களை நண்பர்க்குக் கொடுத்துவிடுக. ஆற்றுமணலும் நீர்ச்செடிகளும் உடன் செல்லட்டும். முன்னர் மீன்நோய்க்கெனச் செம்புச் சத்துள்ள மருந்து இட்ட தொட்டியாயின், அச்செம்பு எளிதில் நீங்காது. நண்டு, நத்தை முதலியவற்றுக்கு அது நஞ்சு. அத்தகைய தொட்டியை நன்னீர் மீனுக்கே விட்டுவிடுதல் நன்று.

இனி உப்பைப் பற்றிக் கூறுவோம். ஆனையிறவிலும் புத்தளத்திலும் உப்பு விளையும் முறையை நம் மாணவர் பாடத்திற் படித்திருப்பர். பாத்தியில் கடல்நீர் வற்றும்போது முதலிற் படிவது கல்சியங் காபனேற்று. அடுத்துக் கல்சியஞ் சல்பேற்று. அதன் பின்னரே சோடியங் குளோரைட்டு, அதாவது நாம் உண்ணும் உப்பு. மகனீசிய உப்புக்களும் பொற்றாசிய உப்புக்களும் எஞ்சிய கைப்பு நீரிலேயே தங்கிவிடுகின்றன. எனவே, கடையில் வாங்கிய கறியுப்பை நீரிற் கரைத்தால் உப்புநீர் கிடைக்கும், கடல்நீர் கிடைக்காது. பாத்தியில் ஒவ்வொன்றாகப் பிரிந்துபோன பொருள்கள் மீண்டும் வந்து சேர்வதில்லை அன்றோ? பிலிப் ஹென்றி கொஸ் என்னும் ஆங்கில இயற்கை நூலார் 1854 இல் செயற்கைக் கடல்நீர் ஆக்கியபோது, கறியுப்போடு பேதியுப்பு எனும் மகனீசியஞ் சல்பேற்றையும், மகனீசியங் குளோரைட்டையும், பொற்றாசியங் குளோரைட்டையும் சேர்த்தார். இக்காலத்தில் மீன்தொட்டிக்கென விற்கப்படும் கடலுப்புக் கலவையில் கல்சியமும் வேறு நுண்பொருள்களும் அளவாகச் சேர்ந்திருக்கின்றன. விலை சற்று மிகுதிதான். ஆயினும் சிக்கனம் பார்க்கும் இடம் இதுவன்று.

கடலே அருகிலிருக்க உப்பை ஏன் வாங்கவேண்டும் என்று கரையூரவர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆழ்கடற் பக்கமாக, துறைமுகத்திற்கும் கழிவுநீர் வாய்க்காலுக்கும் அப்பால், மழையில்லாக் காலத்தில் எடுத்த நீர் பயன்படும். துணியில் வடித்து இரண்டு கிழமை இருட்டில் மூடிவைத்துப் பயன்படுத்தலாம். யாழ்ப்பாணக் கடனீரேரியின் நீர் உதவாது. மாரியில் அது நன்னீரை நெருங்கும். கோடையில் கடலினும் உவர்க்கும். கலவையைக் கரைப்பதற்கும் கிணற்றுநீரை நம்பற்க. குடாநாட்டின் சுண்ணக்கல் நிலத்து நீர் வன்னீர். தோட்டங்களில் இட்ட பசளையால் நைத்திரேற்று மிகுந்த கிணறுகள் பல. குழாய் நீரிலோ குளோரீன் உண்டு. வடித்துச் சுத்திகரித்து விற்கப்படும் குடிநீரே ஏற்றது.

நம் வீடுகளிலுள்ள தொட்டி பெரும்பாலும் இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். மணலும் கல்லும் இட்டபின் அது கொள்ளும் நீர் ஏறத்தாழ 45 இலீற்றர். கடல்நீரில் இலீற்றருக்கு 35 கிராம் உப்பு உண்டாகலின், வேண்டும் உப்பு ஏறத்தாழ 1.6 கிலோகிராம், கலவையில் ஈரமும் இருக்குமாதலால் சற்றுக் கூடலாம். வேறொரு வாளியிற் கரைத்து ஒருநாள் காற்றூட்டி, நீரமானியால் அளந்து, 1.025 காட்டும்போது தொட்டியில் விடுக.

இனிமேல்தான் கடினமான பகுதி. தொட்டி நிறைந்துவிட்டது, நீர் பளிங்குபோல் தெளிந்திருக்கின்றது, அன்றே மீனை வாங்கிவரக் கைகள் துடிக்கும். அன்று விட்ட மீன் இறப்பதற்கே வாய்ப்பு மிகுதி. மீனின் கழிவிலிருந்து அமோனியா உண்டாகின்றது. மணலிலும் கல்லிலும் குடியேறும் பற்றீரியாக்களுள் ஒருவகை அமோனியாவை நைத்திரைற்றாக்கும். மற்றொருவகை அதனை ஊறு குறைந்த நைத்திரேற்றாக்கும். பழைய தொட்டியில் இவை நிரம்ப இருந்தனவே என்று எண்ணவேண்டாம். அவை நன்னீருக்குப் பழகியவை. கடல்நீரில் அத்தொண்டு புதிதாகத் தொடங்கவேண்டும். மேலும், கடல்நீரின் பி.எச். பெறுமானம் 8.2 அளவினது. அமோனியாவின் நச்சு வடிவம் அங்கே, 7 என்னும் நடுநிலை நீரில் உள்ளதைப்போல் பத்து மடங்குக்கு மேற்படும். பொன்மீன் பொறுத்துக்கொண்ட அழுக்கைக் கடல்மீன் பொறாமைக்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே, மீனில்லாத தொட்டியில் ஒரு பச்சை இறால் துண்டை இட்டு அழுகவிடுக. அமோனியா ஏறும், பின் நைத்திரைற்று ஏறும், ஈற்றில் இரண்டும் சுழியாகும். சோதனைத் திரவங்களால் இதனை மூன்று நாளுக்கொருமுறை அளந்து வரைபில் குறித்தால், வகுப்பிற் படித்த நைத்திரசன் வட்டத்தை மாணவர் தம் கண்ணாற் காண்பர். நான்கு முதல் ஆறு கிழமை செல்லும். மலிவான கடல்மீன் ஒன்றை இதற்குப் பலியிடும் வழக்கம் முன்னர்ப் பரவலாக இருந்தது. கடல்மீன் தொட்டிகளுக்கு விற்கப்படுவனவற்றுட் பெரும்பாலானவை இன்றும் கடலிலிருந்தே பிடிக்கப்படுவன. ஓர் இறால் துண்டு செய்யும் வேலைக்கு உயிரொன்றை ஏன் கொடுக்கவேண்டும்? ஆறு கிழமை வெறும் நீரைப் பார்த்துக்கொண்டிருக்கப் பொறுமை இல்லாதார்க்கு இக்கலை வேண்டாம் என்பதே எமது துணிபு.

இந்தோனேசியாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பார், கடலிலிருந்து எடுத்த உயிருள்ள முருகைக் கற்களையும் சிறு காற்றுக் குமிழிகளையுமே கொண்டு மீன் வளர்க்கும் முறையை 1961 இல் எழுதி வெளியிட்டார். அக்கற்களின் துளைகளில் பற்றீரியாக்கள் குடியிருந்தமையே அதன் சிறப்பு. தத்துவம் இன்றும் செல்லும். எனினும், நம் கடலில் முருகைக்கல்லை உடைத்தெடுத்தல் சட்டப்படி குற்றம். 1998 இல் கடல்நீர் சூடேறியபோது ஹிக்கடுவையில் முருகைகள் வெளிறிப் பெருமளவில் மடிந்ததை அறிந்தோர், சட்டம் இல்லாவிடினும் அதனைச் செய்யார். துளைகள் மலிந்த செயற்கைக் கற்கள் இப்போது கடைகளிற் கிடைக்கின்றன. அவற்றின் கீழே சிப்பி மணலைப் பரப்பினால் போதும்.

சிறு தொட்டியின் பெரும்பகை ஆவியாதல். நீர் ஓரங்குலம் குறைந்தால் குறைந்தது நாலரை இலீற்றர்; அதாவது பத்திலொரு பங்கு. நீர் போகும்; உப்புப் போகாது. எனவே 35 ஆக இருந்த உப்பு ஏறத்தாழ 39 ஆகிவிடும். நம் வெயிலுக்கு இது சில நாட்களுக்குள் நிகழக்கூடியது. குறைந்த நீருக்கு ஈடாக ஊற்றவேண்டியது உப்பில்லா நல்ல நீர், கடல்நீரன்று. கண்ணாடியில் ஒரு கோடிட்டு, நாள்தோறும் காலையில் அக்கோடுவரை நிரப்புக. கிழமைக்கொருமுறை ஐந்து இலீற்றர் நீரை எடுத்து, அதே அளவு புதிய கடல்நீர் விடுதல் வேறு வேலை; இரண்டையும் குழப்பற்க.

முதலில் எம்மீனை விடுவது? கடைக்காரர் கோமாளி மீனைக் காட்டுவார். எமது பரிந்துரை வேறு. நன்னீர்க் கடையிற் கிடைக்கும் கறுப்பு மொலி, இயல்பாகவே உவர்நீரையும் தாங்கும் இனம். ஒரு கிழமைக்குமேல் சிறிது சிறிதாக உப்பை ஏற்றிப் பழக்கினால், முழுக் கடல்நீரிலும் அது நலமாக வாழும், குஞ்சும் ஈனும். மொலிகள் இரண்டு மூன்றை இரண்டு மாதம் வளர்த்தால், கோடுவரை நிரப்புவதும் நீரமானி பார்ப்பதும் கைவந்துவிடும். இதன் பின்னர், தொட்டியிற் பிறந்து வளர்ந்த கோமாளி மீன் சோடியொன்றைத் தேடி வாங்கலாம். அவற்றோடு கடற் சாமந்தியை வாங்கவேண்டாம்; அது வலிய ஒளியும் முதிர்ந்த தொட்டியும் வேண்டுவது; இறந்தால் தொட்டி முழுவதையும் கெடுத்துவிடும். கோமாளி மீன் அது இல்லாமலும் வாழும்.

மின்சாரத்தையும் மறத்தலாகாது. ஒரே வெப்பநிலையில் கடல்நீர் நன்னீரைவிட ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைவாகவே ஒட்சிசனைக் கொள்ளும். 2022 மார்ச்சு இறுதியில் நம் நாட்டில் நாளொன்றுக்குப் 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தமை பலர்க்கும் நினைவிருக்கும். மின்கலத்தால் இயங்கும் காற்றுப் பம்பியொன்று வீட்டில் இருக்கட்டும். அதுவும் இல்லாதபோது, குவளையால் நீரை முகந்து உயரத்திலிருந்து ஊற்றலாம். 1846 இல் முருகைகளை இலண்டனுக்குக் கொண்டுசென்று வளர்த்த அன்னா தின் என்னும் அம்மையாரின் வீட்டில், பணிப்பெண் திறந்த பலகணியருகே நாள்தோறும் செய்தது இதுவே.

நன்கு பேணப்பட்ட கோமாளி மீன்கள் 20 ஆண்டுக்கு மேலும் வாழ்ந்ததுண்டு. பத்தாம் வகுப்பில் அதனை வாங்கும் மாணவர், தாம் பல்கலைக்கழகம் சென்றபின் கோடுவரை நீர் நிரப்புபவர் யார் என்பதை, வாங்குமுன்னரே அம்மாவிடம் கேட்டு வைத்துக்கொள்ளுதல் நன்று.