உங்கள் பதவி உயர்வுக்கு யார் சாட்சி?



ஸ்தோத்திர ஆராதனையில் நம் சபை அடிக்கடி கேட்கும் சாட்சி ஒன்று உண்டு. பல ஆண்டுகள் ஜெபித்ததையும், கர்த்தர் தம்மை மேலாளராக உயர்த்தியதையும் ஒருவர் எழுந்து நின்று சொல்லுவார். சபை முழுவதும் அல்லேலூயா சொல்லும். நானும் மனமகிழ்ந்து அவருக்காக ஜெபிப்பேன். ஆனால் வீடு திரும்பும் வழியில் ஒரு கேள்வி என்னை விடுவதில்லை. அவருக்குக் கீழே வேலை செய்கிறவர்கள் இன்று இங்கே வந்திருந்தால், அவர்களும் அல்லேலூயா சொல்லியிருப்பார்களா?

பதவி உயர்வுக்காக ஜெபிப்பது தவறல்ல. ஆனால் பதவியைக் கேட்கிற நாம், அந்தப் பதவியைச் சுமக்கத்தக்க மனிதராக வளர்வதை மறந்துவிடுகிறோம். நியமன ஆணை ஒரே நாளில் கைக்கு வந்துவிடும். தலைமைத்துவமோ அன்றாடப் பழக்கங்களினாலே கொஞ்சம் கொஞ்சமாக நமக்குள் உருவாகிறது. அது உருவாகியிருக்கிறதா இல்லையா என்பதை நமக்கு மேலே இருக்கிற அதிகாரியைவிட, நமக்குக் கீழே இருக்கிறவர்களே நன்றாக அறிவார்கள்.

இந்தக் காரியத்துக்காக நான் திரும்பத் திரும்ப வாசிப்பது நெகேமியாவின் புத்தகத்தை. நெகேமியா தீர்க்கதரிசியும் அல்ல, ஆசாரியரும் அல்ல; நம்மில் பலரைப்போல ஓர் உத்தியோகஸ்தர். சூசான் அரமனையில் அர்தசஷ்டா ராஜாவுக்குப் பானபாத்திரக்காரராயிருந்து, பிறகு யூதாவுக்கு அதிபதியானவர். எருசலேமின் அலங்கம் 52 நாட்களில் கட்டி முடிக்கப்பட்டதை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளும் சொல்லுவார்கள். அந்த வேலையை நடத்திய மனிதரிடம் இருந்த நான்கு பழக்கங்களை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

முதலாவது, பேசுமுன் போய்ப் பார்ப்பது. எருசலேமுக்கு வந்தவுடனே அவர் கூட்டம் கூட்டவில்லை. மூன்று நாள் அங்கே இருந்தபின்பு, ஒரு சிலரோடு இராத்திரியில் எழுந்துபோய், இடிந்துகிடந்த மதிலைச் சுற்றிப் பார்த்தார். ஓரிடத்தில் அவர் ஏறியிருந்த மிருகம் கடந்துபோகவும் வழியில்லாதிருந்தது. அதைத் தம் கண்ணால் கண்டபிறகே மக்களிடம் பேசினார். நாமோ பொறுப்பேற்ற அன்றே, "இனி இங்கே எல்லாம் மாறவேண்டும்" என்கிறோம். எது ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்பதில்லை. நாள்தோறும் பத்து நிமிடம் நாற்காலியை விட்டு எழுந்துபோய், வேலை நடக்கிற இடத்தில் நின்று பாருங்கள். குற்றம் கண்டுபிடிப்பதற்காக அல்ல. எந்த இடத்தில் வழியில்லாமல் அவர்கள் நிற்கிறார்கள் என்று அறிவதற்காக.

இரண்டாவது, பேர் சொல்லி நினைவுகூருவது. மூன்றாம் அதிகாரத்தை வாசிக்கும்போது பெயர்ப்பட்டியல் என்று நாம் தாண்டிப்போய்விடுகிறோம். ஆனால் எந்தப் பகுதியை யார் பழுதுபார்த்தார் என்பதை நெகேமியா ஒவ்வொன்றாக எழுதிவைத்திருக்கிறார். தட்டார், தைலக்காரர், வியாபாரிகள் அதில் இருக்கிறார்கள். தன் குமாரத்திகளோடு வேலை செய்த சல்லூம் இருக்கிறார். தெக்கோவா ஊராரின் பிரபுக்கள் வேலைக்குத் தோள் கொடுக்காததும், அதே ஊரின் சாதாரண ஜனங்கள் இன்னொரு பங்கையும் சேர்த்துக் கட்டினதும் அங்கே இருக்கிறது. உங்கள் அலுவலகத்தைக் காலையில் பெருக்குகிற அம்மாவின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? மேலதிகாரிக்கு அனுப்பும் அறிக்கையில், அந்த வேலையை உண்மையில் செய்த இளையவரின் பெயர் இருக்கிறதா, உங்கள் பெயர் மாத்திரம் இருக்கிறதா?

மூன்றாவது, கோபத்தைத் தாமதித்து, குற்றத்தில் தன்னையும் சேர்த்துக்கொள்வது. ஐந்தாம் அதிகாரத்தில் ஏழைகள் கூக்குரலிடுகிறார்கள். நிலமும் வீடும் அடகில் போய், பிள்ளைகள் அடிமைகளாகிறார்கள். நெகேமியாவுக்கு மிகுந்த கோபம் வருகிறது. ஆனாலும் தம் மனதிலே ஆலோசித்தபின்புதான் அவர் வாய் திறக்கிறார். பிரபுக்களைக் கடிந்துகொண்டபோது, தாமும் தம்முடையவர்களும் பணமும் தானியமும் கடன் கொடுத்திருந்ததை அவர் மறைக்கவில்லை. வட்டியை விட்டுவிடும்படி கேட்டபோதும் தம்மையும் சேர்த்துக்கொண்டே பேசினார்.

இதை எழுதும்போது எனக்கே வெட்கமாயிருக்கிறது. சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன், வேறோர் ஊரில் ஊழியம் செய்தபோது, கிறிஸ்துமஸ் கீதபவனி அட்டவணையில் ஒரு தெருவுக்குத் தவறான தேதி அச்சாகிவிட்டது. அந்தத் தெருவார் பலகாரம் செய்துவைத்துக்கொண்டு நள்ளிரவு வரை காத்திருந்தார்கள். கமிட்டியில் கேள்வி எழுந்தபோது, "தட்டச்சு செய்தவர் கவனிக்கவில்லை" என்றேன். தட்டச்சு செய்த அலுவலக உதவியாளர் தேநீர்த் தட்டோடு வாசலருகே நின்றிருந்தார். ஒரு வார்த்தையும் பேசவில்லை. இரண்டு நாள் கழித்து என் மேசையில் அந்தக் குறிப்புத்தாள் கிடைத்தது. தவறான தேதி என் கையெழுத்திலேயே இருந்தது. அவரைத் தனியே அழைத்து மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை ஐயா" என்றார். காரியம் முடிந்தது என்று நினைத்தேன். என் மனைவிதான் கேட்டாள்: "பத்துப் பேருக்கு முன்னால் சுமத்தின பழியை, அறைக்குள் வைத்து இறக்கினால் போதுமா?" அடுத்த கமிட்டியில் அவர் இருக்கும்போதே உண்மையைச் சொன்னேன். வேதசாஸ்திரக் கல்லூரியில் நான் கற்றுக்கொள்ளாத பாடம் அது. புகழை வெளியரங்கமாகவும் மன்னிப்பை அந்தரங்கமாகவும் வைத்துக்கொள்கிறவன் இன்னும் தலைவனாகவில்லை.

நான்காவது, உரிமையாயிருப்பதையும் விட்டுக்கொடுப்பது. அதிபதிக்குரிய படி நெகேமியாவுக்கு உண்டு. அவருக்கு முன் இருந்தவர்கள் அதை வாங்கினார்கள். அவர்களுடைய வேலைக்காரரும் ஜனங்கள்மேல் அதிகாரம் செலுத்தினார்கள். நெகேமியாவோ 12 ஆண்டுகள் அந்தப் படியைத் தொடவில்லை. ஜனங்கள்மேல் ஏற்கெனவே இருந்த பாரம் அவருக்குத் தெரிந்திருந்தது. இங்கே நான் கொஞ்சம் கடினமாகவே பேசவேண்டும். டிசம்பர் 25 அன்று ஆலயத்தில் முன்வரிசையில் உட்காருவதற்காக, ஆண்டுதோறும் அன்றைய பணியை இளைய செவிலியர்மேல் வைக்கிற பொறுப்பாளரே, அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியாவது கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு ஏங்குகிறவளாய் இருக்கமாட்டாளா? ஓர் ஆண்டு நீங்கள் அந்த வார்டில் நில்லுங்கள். உங்கள் இடம் அன்று ஆலயத்தில் காலியாயிருந்தால் உங்கள் போதகன் மனம் வருந்தமாட்டேன். அதைச் சபைக்கு முன்பாகச் சாட்சியாகவே சொல்லுவேன்.

"எனக்குக் கீழே ஒருவரும் இல்லை ஐயா, இந்தச் செய்தி எனக்கல்ல" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நெகேமியா இந்தப் பழக்கங்களை அதிபதியான பின்பு தொடங்கினதாக நான் நினைக்கவில்லை. ராஜாவுக்குப் பாத்திரம் ஏந்தி நின்ற நாட்களிலேயே, தூரத்து ஊரின் துயரத்தைக் கேட்டு அழவும் உபவாசிக்கவும் அவர் அறிந்திருந்தார். ராஜா கேட்ட கேள்விக்கும் தாம் சொல்லப்போகும் பதிலுக்கும் இடையே, ஒரு நொடி தேவனை நோக்கி ஜெபிக்கவும் அறிந்திருந்தார். உங்கள் வீட்டில் பாத்திரம் துலக்க வருகிறவரிடத்திலும், நேற்று வேலைக்குச் சேர்ந்த பயிற்சியாளரிடத்திலும் நீங்கள் எப்படிப் பேசுகிறீர்களோ, நாளைக்கு உங்கள் கையில் அதிகாரம் வரும்போதும் அப்படியே பேசுவீர்கள்.

இந்த வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். இரவு ஜெபத்துக்கு முன், உங்களோடும் உங்களுக்குக் கீழும் வேலை செய்கிறவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, இன்று அவருடைய பாரத்தைக் கூட்டினீர்களா, குறைத்தீர்களா என்று உண்மையாய்க் குறியுங்கள். எந்தப் பெயராவது நினைவுக்கு வரவில்லையானால், மறுநாள் காலையில் அங்கிருந்தே தொடங்குங்கள்.

அடுத்த ஸ்தோத்திர ஆராதனையில் உங்கள் உயர்வைக் குறித்து நீங்கள் சாட்சி சொல்லுங்கள். நாங்கள் சந்தோஷத்தோடே கேட்போம். ஆனால் என்றாவது ஒரு நாள், உங்களுக்குக் கீழே வேலை செய்த ஒருவர் நம் ஆலயத்துக்கு வந்து உங்களைக் குறித்து நன்றி சொல்லுவாரானால், அதுவே என் ஊழியத்தில் நான் கேட்கக் காத்திருக்கும் சாட்சி.

கர்த்தர் உங்கள் கையின் பிரயாசத்தை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.