வேலையை நிறுத்தும் நாள் யார் கையில்?

கருவுற்ற பெண் எந்த மாதத்தில் வேலையை நிறுத்துவது என்பது மருத்துவர் சொல்லித் தீரும் கேள்வி அன்று. மதுக்கரை போன்ற நகராட்சிகளில் ஒப்பந்தக்காரரிடம் குப்பை அள்ளும் தலித் பெண்ணுக்கு அது கூலிக் கேள்வி. நின்றால் அன்றைய கூலி இல்லை. திரும்பி வந்தால் வேலை இருக்கும் என்ற உறுதியும் இல்லை.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தப்படி முதல் இரு குழந்தைகளுக்கு ஊதியத்துடன் 26 வார விடுப்பு உண்டு; அதில் 8 வாரத்தைப் பேறுக்கு முன்பே எடுக்கலாம். முந்தைய 12 மாதங்களில் 80 நாள் உழைத்திருந்தால் போதும். 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இது தொடர்கிறது. டெல்லி மாநகராட்சியின் தினக்கூலிப் பெண்களுக்கும் இவ்வுரிமை உண்டு என 2000இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆனால் அந்த 80 நாளை மெய்ப்பிக்கும் வருகைப் பதிவேடு ஒப்பந்தக்காரர் கையில் இருக்கிறது. உரிமை நழுவும் இடம் அதுவே. தமிழக அரசுப் பெண் ஊழியருக்கு 2021 முதல் 12 மாத விடுப்பு; அவரது அலுவலகக் குப்பையை அகற்றுபவருக்கோ முத்துலட்சுமி ரெட்டி திட்ட உதவி மட்டும். அது ஊதியம் ஆகாது.

1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு நல மசோதாவை ஆதரித்த அம்பேத்கர், மக்கள் நலன் முதன்மையாக அரசின் பொறுப்பு என்றார். ஒப்பந்தம் கொடுத்துவிட்டதால் அப்பொறுப்பு கைமாறிவிடாது. மகப்பேறு ஊதியத்தை ஒப்பந்த நிபந்தனையாக்குவதும், வருகைப் பதிவின் நகலை மாதந்தோறும் தொழிலாளரிடம் கொடுப்பதும் நகராட்சியின் கடமை. அந்த நகலைக் கேட்பதிலிருந்து நம் பணி தொடங்கட்டும்.