கொட்டகையில் மூன்று நாட்கள்

இம்மாதம் நாம் எழுத எடுத்துக்கொண்டது ஒரு மோட்டார் வண்டியின் கதை. பிள்ளை வளர்ப்பையும் வீட்டுச் சச்சரவுகளையும் பற்றி இப்பக்கத்தில் படித்துப் பழகிய அன்பர்கள், "இதென்ன, நம் சாமியார் பட்டறை தொடங்கிவிட்டாரா?" என்று கேட்கக்கூடும். பட்டறை தொடங்கவில்லை. மூன்று நாட்கள் விளக்குப் பிடித்தோம், அவ்வளவே. ஆயினும் அம்மூன்று நாட்களில் ஒரு வீட்டுச் சச்சரவும் அடங்கியிருந்தமையால், இப்பக்கத்திற்கு இது முற்றிலும் புறம்பானதன்று.

நீலகிரி மலையில், கோத்தகிரிப் பக்கம், நமக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று சிறிய பேக்கரி நடத்திவருகிறது. ரொட்டி, பன், அத்துடன் 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற ஊட்டி வர்க்கியும் உண்டு. தகப்பனார் இரவெல்லாம் அடுப்படியில் நிற்பார். விடியுமுன் சரக்கு வண்டியேறி, தேயிலைத் தோட்டங்களை ஒட்டிய தேநீர்க் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். ஒருநாள் தவறினால் கடைக்காரர் பொறுத்துக்கொள்வார். நான்கு நாள் தவறினாலோ, வேறொரு பேக்கரிக்காரரின் டின் அங்கே வந்து அமர்ந்துவிடும்.

அவர்களுடைய வண்டி மாருதி ஓம்னி. 1984ஆம் ஆண்டு மாருதி வேன் என்ற பெயரில் வெளிவந்து, 2019ஆம் ஆண்டு உற்பத்தி நிறுத்தப்பட்ட அந்தப் பெட்டி வடிவ வண்டியைக் காணாத குடும்பம் நம்மிடையே இராது. மூன்று சிலிண்டர் கொண்ட 796 சி.சி. எஞ்சின் முன் இருக்கைகளுக்கு அடியிலேயே அமர்ந்திருக்கும். பின் சக்கரங்கள் வண்டியைத் தள்ளும்.

எட்டு மாதங்களுக்கு முன் இவ்வண்டியின் கிளட்ச் தேய்ந்துபோனது. ஒரு பட்டறையில் புதிய பிளேட் போட்டார்கள். மழைக்காலம் தொடங்கியதும் பழைய கதையே திரும்பிற்று: ஏற்றத்தில் எஞ்சின் இரைகிறது, வண்டி நகர்வதில்லை, கருகிய நாற்றம் வேறு. மீண்டும் பட்டறைக்காரரைக் கேட்டதற்கு ஐந்து நாள் தவணை சொன்னார். அவர் கேட்ட தொகையும் பெரிது. மகன் தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் மெக்கானிக் பிரிவில் ஈராண்டு பயின்றவன். "நானே வீட்டில் செய்கிறேன்" என்றான். தகப்பனார் ஒப்பவில்லை. முன்பொரு முறை மாவு பிசையும் இயந்திரத்தைப் பிரித்துப் போட்டுவிட்டுத் திரும்பப் பூட்டத் தெரியாமல் அவன் விழித்த நிகழ்ச்சியை அவர் மறக்கவுமில்லை, மறக்க விடவுமில்லை. இருவரும் இரண்டு நாட்கள் பேச்சின்றி இருந்தார்களாம். அதன்பின் நம்மிடம் வந்தார்கள்.

"சாமி, பிரிப்பது எவனாலும் முடியும், பூட்டுவது யார்?" என்றார் தகப்பனார்.

நமக்குக் கிளட்ச் பற்றித் தெரிந்ததெல்லாம் அதைக் காலால் மிதிப்பது மட்டுமே. ஆகவே அவனைத் திண்ணையில் அமர்த்தி, இது எப்படி வேலை செய்கிறதென்று சொல்லச் சொன்னோம். சொல்லத் தெரிந்தவனுக்குச் செய்யவும் தெரியும் என்பதில்லை. ஆனால் சொல்லவே தெரியாதவனிடம் பேக்கரியின் வண்டியை ஒப்படைக்க முடியாதல்லவா? அவன் ஒரு தட்டையும் இரண்டு வர்க்கிகளையும் எடுத்துக்கொண்டான்.

எஞ்சினின் முக்கியத் தண்டான கிராங்கின் பின்முனையில் கனமான இரும்புச் சக்கரம் ஒன்று முடுக்கப்பட்டிருக்கிறது. அதுவே பிளைவீல். மூன்று சிலிண்டர்களும் ஒன்றன்பின் ஒன்றாகவே வெடிப்பதால் எஞ்சினின் உந்துதல் விட்டுவிட்டு வருகிறது. ஓர் உந்துதலுக்கும் அடுத்ததற்கும் இடையே சுழற்சி தளர்ந்துவிடாமல் தன் கனத்தாலேயே இழுத்துச் செல்வது இச்சக்கரத்தின் பணி. இதன் வழவழப்பான முகத்தின்மேல் கிளட்ச் பிளேட் அமர்கிறது. பிளேட்டின் மறுபுறம் வில் விசையுடன் பிரஷர் பிளேட் அமுக்குகிறது. நடுவில் அகப்பட்ட பிளேட், பிளைவீலோடு சேர்ந்து சுழன்று, கியர் பாக்ஸின் தண்டையும் சுழற்றுகிறது. நாம் பெடலை மிதிக்கும்போது ரிலீஸ் பேரிங் அந்த வில்லை அழுத்த, பிடி தளர்ந்து பிளேட் தனித்து நிற்கிறது. பிளேட் இரு முகங்களையும் பற்றிப் பிடித்தாக வேண்டும். அவற்றுள் ஒன்று பிளைவீலின் முகம். பிளேட்டை மட்டும் மாற்றி அந்த முகத்தைப் பாராமல் விட்டால் பாதி வேலைதான் முடிந்ததாகும் என்றான். தட்டுக்கும் மேல் வர்க்கிக்கும் நடுவே அகப்பட்ட வர்க்கி இதற்குள் பொடியாகிவிட்டது. நமக்குப் பொருள் விளங்கிவிட்டது. நாம் இசைந்தோம், தகப்பனார் அரைமனத்துடன் தலையசைத்தார்.

மறுநாட்காலை அவர்கள் வீட்டிற்குச் சென்றபோது நமக்குத் திக்கென்றது. மலையூர்களில் சமதரை ஏது? சரிவான சந்தில் வண்டியை நிறுத்தி, மழையில் ஊறிய மண்ணின்மேல் ஒரு ஜாக்கியை வைத்துத் தூக்கியிருந்தான். அடியில் இரண்டு செங்கற்கள். நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஜாக்கியின் அடிப்பாகம் ஒரு விரற்கடை மண்ணுள் இறங்கிற்று. அவனோ வண்டிக்கடியில் தலையை நீட்டப் போனான். அந்த ஒருகணம் நாம் போட்ட கூச்சலுக்கு இன்றும் வெட்கப்படவில்லை. ஜாக்கி என்பது வண்டியைத் தூக்குவதற்கே உரியது. தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்பதற்கன்று. செங்கல்லோ பாரம் தாங்காமல் முன்னறிவிப்பின்றிப் பிளந்துவிடும். வீட்டில் இவ்வேலை செய்ய எண்ணும் இளைஞர்களுக்கு வேறெதைச் சொல்லாவிட்டாலும் இதைச் சொல்லியாக வேண்டும். இறுகிய சமதரை வேண்டும். எடை தாங்கும் இரும்பு ஸ்டாண்டுகள் வேண்டும். தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டைகள் வேண்டும். வண்டியைக் கையால் அசைத்துப் பார்த்து, அசையாது என்று கண்ட பிறகே உடல் அடியில் போகவேண்டும். தனியாக ஒருபோதும் செய்யலாகாது.

நம் இல்லத்தின் பின்புறம் சிமெண்டுத் தரையுள்ள கொட்டகை ஒன்றிருக்கிறது. வண்டியை அங்கே தள்ளிக்கொண்டு வந்தோம். பழக்கமான லாரி உரிமையாளர் நான்கு ஸ்டாண்டுகளை இரவல் கொடுத்தார்.

முதலில் பேட்டரியின் இணைப்பு. பின்னர் கிளட்ச் கேபிள், ஸ்டார்ட்டர் மோட்டார், பின் அச்சுக்குச் செல்லும் புரொப்பல்லர் ஷாப்ட் ஆகியவற்றைக் கழற்றினான். ஷாப்ட்டை உருவியதும் கியர் ஆயில் ஒழுகித் தரையை நனைத்தது. அங்கே துணி வைத்து அடைக்க வேண்டும் என்பதை அப்போதுதான் நினைவுகூர்ந்தான். எஞ்சினின் பின்புறத்தைப் பலகை வைத்த ஜாக்கியால் தாங்கினான். கியர் பாக்ஸ் ஒருவர் மார்பின்மேல் இறக்கிக்கொள்ளும் எடையன்று. உறவுக்காரப் பையன் ஒருவனும் அவனுமாக அதை நேராகப் பின்னுக்கு இழுத்து, மெல்ல இறக்கினார்கள். கழற்றிய போல்ட்டுகளை, எது எங்கிருந்து வந்ததென்று எழுதி, தனித்தனி வர்க்கி டின்களில் தாயார் அடுக்கினார்.

உள்ளே படிந்திருந்த தூசியை வாயால் ஊதப் போன உறவுக்காரப் பையனை அவன் தடுத்தது நமக்குப் பிடித்தது. பழைய கிளட்ச் பிளேட்டுகளில் கல்நார் கலந்திருந்ததுண்டு. அத்தூசி நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால் துடைத்தான். துடைத்த துணி கறுத்து, எண்ணெய் மின்னிற்று. எட்டு மாதமே ஓடிய பிளேட் எண்ணெயில் நனைந்து, முகம் கண்ணாடிபோல் பளபளத்தது. பிளைவீலின் முகத்திலோ நீலம்பாரித்த திட்டுகள். அவற்றினிடையே மயிரிழை போன்ற கீறல்கள்.

இங்கேதான் சச்சரவு மீண்டும் தலைதூக்கிற்று. பிளேட்டையும் பிரஷர் பிளேட்டையும் மாற்றிப் பூட்டினால் மறுநாளே சரக்கு போகும் என்பது தகப்பனாரின் கணக்கு. அன்று ஒருநாள் சரக்கு வாடகை ஜீப்பில் போயிருந்தது; அதன் வாடகை அவர் நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது. மகனோ, எண்ணெய் எங்கிருந்து வந்ததென்று காணாமல் பூட்டமாட்டேன் என்றான். வழி இரண்டு: எஞ்சினின் பின்புற ஆயில் சீல் கசிந்திருக்கலாம், அல்லது கியர் பாக்ஸின் முன்புறச் சீல். எஞ்சினின் சீல் பிளைவீலுக்குப் பின்னால் மறைந்திருப்பதால், பிளைவீலைக் கழற்றாமல் அதைத் தொடவே இயலாது.

"இது எந்த எண்ணெய் என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டார் தகப்பனார்.

"முகர்ந்து பாருங்கள் அப்பா. கியர் ஆயில் கந்தகம்போல் நாறும்."

முப்பது ஆண்டுகளாக அடுப்பின் மணத்தைக்கொண்டே ரொட்டியின் பதம் சொல்பவர் அவர். தரையில் ஒழுகிக் கிடந்ததை ஒரு விரலில் தொட்டு முகர்ந்தார். பிளேட்டில் இருந்ததை மற்றொரு விரலில் தொட்டு முகர்ந்தார். இரண்டையும் மீண்டும் ஒருமுறை. "இது வேறு, அது வேறு" என்றார். கசிந்தது எஞ்சின் ஆயில். அதன்பின் அவர் பேசவில்லை. தாமே ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தார்.

ஆக, எட்டு மாதத்திற்கு முன் வைத்த பிளேட் குற்றமற்றது. கசிவை யாரும் கவனிக்காமையால் அது வீணாயிற்று. (ஏற்றத்தில் நிற்கும்போது கை பிரேக்கை இழுக்காமல், கிளட்சைப் பாதி மிதித்தே வண்டியைத் தாங்கும் பழக்கமும் ஒரு பங்கு வகித்திருக்கும் என்று மகன் சொன்னான். அப்பழக்கம் தமக்கில்லை என்றார் தகப்பனார். அவரோடு பலமுறை அவ்வண்டியில் பயணம் செய்துள்ள நாம் மௌனம் காத்தோம்.)

பிளைவீலைக் கழற்றும்போது எஞ்சினும் கூடவே சுழலும். ஆகையால் அதன் விளிம்பிலுள்ள பல்சக்கரத்தில் இரும்புப் பட்டை ஒன்றைக் கோத்து நிறுத்தினான். கழற்றுமுன் இருந்த நிலையைப் புள்ளி குத்தி அடையாளமிட்டான். பல்சக்கரத்தில் மூன்று இடங்களில் மட்டும் பற்கள் அதிகம் தேய்ந்திருந்தன. மூன்று சிலிண்டர் எஞ்சின் நிறுத்தப்படும்போது பெரும்பாலும் மூன்று நிலைகளுள் ஒன்றில்தான் நிற்கும். ஸ்டார்ட்டர் அங்கேயே மீண்டும் மீண்டும் கடிக்கும் என்றான். இதைக் கேட்டு நாம் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை.

இரண்டாம் நாள் பிளைவீலைச் சாக்கில் சுற்றிக்கொண்டு மேட்டுப்பாளையத்திலுள்ள லேத் பட்டறைக்குப் போனார்கள். முகத்தை மெல்லியதாகக் கடைந்து சமப்படுத்திவிடலாம் என்பது எண்ணம். கடைந்த பின்னும் கீறல்கள் மறையவில்லை. லேத்காரர், முதியவர், இயந்திரத்தை நிறுத்திவிட்டார். நிமிடத்திற்கு ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுழலும் சக்கரம். விரிசல் விட்டதைப் பூட்டினால் ஒருநாள் உடைந்து தெறிக்கும். இவ்வண்டியிலோ அது ஓட்டுகிறவரின் இருக்கைக்கு அருகிலேயே இருக்கிறது. "இதைச் செய்துகொடுத்து நான் காசு வாங்கமாட்டேன்" என்றார். வந்த வேலையை விட்டுக்கொடுத்த அம்மனிதரை நாம் காணவில்லை, காண விரும்புகிறோம். அங்கிருந்து கோயம்புத்தூருக்குச் சென்று புதிய பிளைவீலே வாங்கினார்கள். பணம் தாயாரின் சீட்டிலிருந்து வந்தது. எதற்காகக் கட்டிய சீட்டு என்று நாம் கேட்டோம். அவர் சிரித்து வேறு பேச்சைத் தொடங்கிவிட்டார்.

மூன்றாம் நாள் பூட்டும் வேலை. புதிய சீல் வைத்து, பிளைவீலை ஏற்றி, போல்ட்டுகளை ஒன்றுக்கொன்று எதிரெதிராகச் சிறிது சிறிதாக முடுக்கி, இறுதியில் இரவல் பெற்ற டார்க் ரெஞ்சினால் புத்தகத்தில் கண்ட அளவிற்கு இறுக்கினான். இதைக் கைக்கணக்கில் செய்யக்கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தான். பிளைவீலின் முகத்தையும் பிரஷர் பிளேட்டின் முகத்தையும் எண்ணெய்ப் பசையின்றித் துடைத்தான். பிளேட்டைத் திருப்பி வைத்துவிடாமல், 'பிளைவீல் பக்கம்' என்ற குறியைத் தகப்பனாரிடம் காட்டியே வைத்தான். பிளேட் சரியாக நடுவில் நிற்க வேண்டும். இல்லையேல் கியர் பாக்ஸின் தண்டு உள்ளே நுழையாது. அதற்கான கருவி கிடைக்காமையால், மரக்குச்சி ஒன்றைச் சீவி, டேப் சுற்றிப் பருமனாக்கி, நடு நிறுத்தினான்.

இவ்வளவு செய்தும் கியர் பாக்ஸ் ஒரு விரலளவு வெளியே நின்றுவிட்டது. போல்ட்டைப் போட்டு இழுத்துவிடலாம் என்றான் உறவுக்காரப் பையன். அப்படி இழுத்தால் வார்ப்பு வெடிக்கும். பாரத்தைத் தொங்கவிட்டால் புதிய பிளேட் வளையும். தகப்பனார் கியரைப் போட்டு, பின்புறத்திலிருந்து ஷாப்ட்டைச் செருகி மெல்ல மெல்லத் திருப்பினார். பற்கள் ஒன்றோடொன்று பொருந்தியதும் அது தானாகவே உள்ளே போய் அமர்ந்தது.

எல்லாம் பூட்டிச் சாவியைத் திருப்பினால், எஞ்சின் அசையவே இல்லை. டிக் என்ற ஓசைகூட இல்லை. தகப்பனார் மகனைப் பார்த்த பார்வையை நாம் இங்கே எழுதப்போவதில்லை. அப்போது தாயார் ஒரு டின்னைக் குலுக்கினார். அதில் ஒரு போல்ட் மீதியிருந்தது. எஞ்சினிலிருந்து வண்டியின் உடலுக்குச் செல்லும் எர்த் வயரின் போல்ட். அதை முடுக்கியதும் எஞ்சின் கிளம்பிற்று. பிறகு கேபிளில், பெடலின் தொடக்கத்தில் சிறிது தளர்வு இருக்கும்படி சரிசெய்தான். அத்தளர்வு இல்லாவிட்டால் ரிலீஸ் பேரிங் ஓயாமல் உரசித் தேயும்.

நான்கு மாவு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு தகப்பனாரே ஓட்டினார். நம் இல்லத்தை அடுத்துள்ள செங்குத்தான ஏற்றத்தின் பாதியில் நிறுத்தி, கை பிரேக்கை இழுத்து (நாம் பார்த்தோம்), மீண்டும் கிளப்பி உச்சிக்குப் போனார். இறங்கி வந்ததும் குனிந்து வண்டியின் அடியில் முகர்ந்தார். "ஒன்றுமில்லை" என்றார். மறுநாள் விடியுமுன் வர்க்கி போயிற்று. ஓட்டிச் சென்றவன் மகன்.

கொட்டகைத் தரையில் படிந்த கியர் ஆயில் கறை மட்டும் இன்னும் போகவில்லை. தாயார் சோடா உப்புப் போட்டு இருமுறை தேய்த்துப் பார்த்தார்.