'சேமி' எந்தப் பக்கம்?

போன மாதம் பாறசாலையிலிருந்து தங்கை மகள் போனில் ஒரே அழுகை. "மாமா, அடிச்சதெல்லாம் போச்சு." ஒன்பதாம் வகுப்பு, தமிழ் வழி. பள்ளிக் கணினியில் ஒரு மணி நேரம் தட்டியதை மூடும்போது சேமிக்கவா என்று கேட்கும் பெட்டி வந்திருக்கிறது. இடது ஓரப் பொத்தானை அமுக்கிவிட்டாள்.

விசாரித்ததில் குற்றவாளி நான்தான் (சிரிக்காதீர்கள்). மஸ்கட்டிலிருந்து நான் கொண்டுபோய்க் கொடுத்த மடிக்கணினியில் விண்டோஸ். பள்ளியில் லினக்ஸ். இரண்டிலும் அதே லிப்ரே ஆபீஸ்தான். ஆனால் விண்டோஸில் 'சேமி' இடது ஓரம். க்னோம் வழக்கப்படி அது வலது ஓரம், இடது ஓரத்தில் 'சேமிக்காதே'. வீட்டில் பழகிய கை பள்ளியில் ஏமாந்தது.

"வாசிச்சுப் பாத்து அமுக்க வேண்டியதுதானே?" என்றாள் என் மனைவி. அங்கேதான் விஷயமே. பாடப்புத்தகம் தமிழில், திரை ஆங்கிலத்தில். சரளமாக வாசிக்க வராதவர்கள் இடத்தைத்தான் மனப்பாடம் செய்வார்கள். என் அம்மாவும் அப்படித்தான். ஏடிஎம்மில் 'வலப்பக்கம் மூணாவது' என்றுதான் பணம் எடுப்பார். திரையை மாற்றிய அன்று வெறுங்கையோடு திரும்பினார். வங்கிக்காரன் தாய்க்கே இந்தக் கதி.

1996 அக்டோபரில் ஜெர்மனியின் டூபிங்கன் மாணவர் மத்தியாஸ் எட்ரிச் கேடிஈ திட்டத்தை அறிவித்ததே இந்தக் குறைக்காகத்தான்: யுனிக்ஸில் ஒவ்வொரு நிரலும் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்கிறது, சாதாரண ஆளுக்குப் புரியும்படி எல்லாம் ஒரே சீராக இருக்க வேண்டும். மறு வருடமே க்னோம் வந்தது. தத்தம் வீட்டுக்குள் இரண்டுமே ஒழுங்குதான். பொத்தான் வரிசையில் மட்டும் இன்றுவரை ஆளுக்கொரு பக்கம்!

அந்தச் சண்டையைத் தீர்க்க நம்மால் ஆகாது. தமிழ்ச் சொற்களை ஒன்றாக்கலாம் அல்லவா? ஓரிடத்தில் 'அடைவு', இன்னோரிடத்தில் 'கோப்புறை'. ஒன்றில் 'அழி', மற்றொன்றில் 'நீக்கு'. எது சிறந்த தமிழ் என்ற பட்டிமன்றமே எனக்கு வேண்டாம். பாடப்புத்தகச் சொல்லும் திரைச்சொல்லும் ஒன்றாக இருந்தால் போதும். 2001ல் ஐடி அட் ஸ்கூல் என்று தொடங்கி 2017ல் கைட் நிறுவனமான அமைப்பு பள்ளிகளுக்கென்றே லினக்ஸ் தருகிறது. தமிழ்வழிப் பாடநூல் அச்சிடுவதும் அதே கேரள அரசுதான். இரு தரப்பும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் முடிகிற வேலை. 1956ல் விளவங்கோடு தமிழகம் போக, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. களியக்காவிளைக்கு இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்காகச் சென்னையிலிருந்து யாரும் வந்து கேட்கப் போவதில்லை.

போன வாரம் லீவில் ஊருக்குப் போனபோது அவள் மடிக்கணினியிலும் உபுண்டு போட்டேன். மொழியைத் தமிழுக்கு மாற்றினேன். பாதித் தமிழ், பாதி ஆங்கிலமாக வந்தது. சற்று நேரம் உற்றுப் பார்த்தவள் கேட்டாள்: "மாமா, இந்த 'அடைவு'ன்னா என்னது?"

ஃபோல்டர் மக்களே, என்றேன்.

"அதை எழுதியிருக்கலாமே!"