இரும்புக்கு விலையா, தாளுக்கு விலையா?



சென்ற வாரம் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் ஓய்வு நேரத்தில் என் மேசையருகே வந்து நின்றான். பழைய சீனப் போர்ப் படம் ஒன்றைப் பார்த்தானாம். "சார், மரக்கூட்டிலிருந்து கைத்துப்பாக்கியை எடுத்துப் படபடவென்று சுடுகிறார்களே, அது என்ன விலை இருக்கும்?" என்று கேட்டான். மணி அடித்துவிட்டது. அவனுக்குச் சொல்ல வேண்டிய பதிலை உங்களுக்கும் சேர்த்தே இங்கு எழுதுகிறேன்.

அந்தத் துப்பாக்கி ஜெர்மனியின் மௌசர் தொழிற்சாலையில் பிறந்தது. 1896-இல் வந்த முதல் வகை, விசையை ஒரு முறை இழுத்தால் ஒரு குண்டுதான் சுடும். சீனாவில் உள்நாட்டுச் சண்டை நடந்த நாளில், தொடர்ந்து சுடும் கைத்துப்பாக்கிகளை ஸ்பெயின் நாட்டுப் பட்டறைகள் செய்து அங்கே விற்றன. மௌசரும் போட்டிக்கு இறங்கி, 1930களில் அதே போன்ற ஒன்றைச் செய்தது. அதன் பக்கவாட்டில் 'என்', 'ஆர்' என்று இரண்டு எழுத்துகள். சிறு விசையை 'என்' பக்கம் வைத்தால் ஒவ்வொன்றாகச் சுடும். 'ஆர்' பக்கம் திருப்பினால் அழுத்திப் பிடித்திருக்கும் வரை சுட்டுக்கொண்டே இருக்கும். 20 குண்டுகள் இரண்டு விநாடிக்குள் தீர்ந்துவிடும். மரக்கூடு வெறும் உறையன்று. அதையே பின்னால் மாட்டித் தோளில் ஊன்றிக்கொள்ளலாம்.

இனி விலைக்கு வருவோம். அமெரிக்காவில் இவற்றைச் சேகரிப்பவர்கள் உண்டு. ஆனால் தேங்காய் வாங்குவது போல் வாங்கிவிட முடியாது. 1934-இல் வந்த சட்டம், தொடர்ந்து சுடும் துப்பாக்கி ஒவ்வொன்றையும் அரசாங்கத்தில் பதிய வேண்டும், கைமாறும்போதெல்லாம் 200 டாலர் வரி கட்ட வேண்டும் என்றது. அந்நாளில் அது பெருந்தொகை. 1968-இல் வந்த சட்டம், தனியார் சேகரிப்புக்காக வெளிநாட்டிலிருந்து இவற்றைக் கொண்டுவரும் வழியை அடைத்தது. பதியாமல் வைத்திருந்தவர்களுக்கு அவ்வாண்டு நவம்பர் 2-ஆம் தேதி முதல் 30 நாள் தவணை கொடுத்தார்கள். 1986 மே 19-ஆம் தேதி கடைசிக் கதவும் சாத்தப்பட்டது. அதற்குப் பின் செய்யப்பட்டதைத் தனியார் பெயரில் பதிய முடியாது.

இதன் விளைவைப் பாருங்கள். வாங்க ஆசைப்படுவோர் பெருகலாம், பொருள் மட்டும் ஒன்றுகூடப் பெருகாது. எனவே பதிவுள்ள பழைய மௌசர் பல ஆயிரம் டாலருக்குப் போகிறது. ஆஸ்திரியாவின் கிளாக் 18, அதைவிடப் புதியது, இலகுவானது. ஆனாலும் சாதாரணச் சேகரிப்பாளர் அதை ஆசையோடு பார்க்கலாமே தவிர, வாங்க முடியாது.

மதிப்பிடுகிறவர் முதலில் கேட்பது பதிவுத் தாளைத்தான். அதிலுள்ள எண்ணும் இரும்பில் பொறித்த எண்ணும் ஒத்திருக்க வேண்டும். பிறகுதான் பாகங்களின் எண்கள், பழைய மெருகு, கூடவே வந்த மரக்கூடு ஆகியவற்றைப் பார்ப்பார். பளபளப்பாக்குகிறேன் என்று புதிதாக மெருகு ஏற்றினால் விலை குறைந்துவிடும்!

அந்நாட்டில் சிப்பாய்கள் போர்க்களத்திலிருந்து இத்தகைய துப்பாக்கிகளை நினைவுப் பொருளாகக் கொண்டுவந்ததுண்டு. ஒருவர் அந்த 30 நாளுக்குள் பதிந்திருந்தால், அவருக்குப் பின் பிள்ளைகள் வரியில்லாமலே தங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். பதியாமல் பெட்டியில் பூட்டி வைத்தவரின் பிள்ளைகளுக்கோ அது காசு அன்று, கண்டம். இன்று போய்ப் பதிய வழியில்லை. வைத்திருந்தால் 10 ஆண்டு வரை சிறை. அதிகாரிகளிடம் ஒப்படைப்பதே வழி. ஒரே பட்டறை, ஒரே இரும்பு. ஒன்று சொத்து, மற்றொன்று குற்றம். நடுவில் நிற்பது ஒரு தாள்.

நம் நாட்டில் அந்த ஆசைக்கே இடமில்லை. 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருந்தால் 14 ஆண்டு வரை சிறை, குறைந்தது ஆறு பிரம்படி. மறுநடவுக்குத் தோண்டும்போது போர்க்காலத்துத் துருப்பிடித்த பொருள் எதுவும் தென்பட்டால், தொடாமல், வீட்டுக்குக் கொண்டுவராமல், உடனே போலீசுக்குச் சொல்லுங்கள்.

ஆனால் தாளின் பாடம் நமக்கும் உண்டு. அமெரிக்காவில் அந்தத் தவணை முடிந்த மறு ஆண்டு, 1969-இல், குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் இங்கே கட்டாயமாயிற்று. சிவப்பு அடையாளக் கார்டோடு பால் வெட்டிய எத்தனையோ பேர் கப்பலேறினார்கள். அவர்கள் உழைப்பில் குறையில்லை. காலத்தில் எடுக்காத தாள்தான் குறை. ஆகவே, பிள்ளை பிறந்தால் 60 நாளுக்குள் பதிந்துவிடுங்கள். பிறப்புப் பத்திரத்தைக் கறையான் அரிக்காத பெட்டியில் வையுங்கள்.

என் மாணவனுக்கும் இதையே சொல்லப்போகிறேன். "தம்பி, நீ கேட்டது இரும்பின் விலை. சட்டம் கேட்பது தாளை. உன் வீட்டுப் பெட்டியில் உன் தாள் இருக்கிறதா என்று அம்மாவிடம் கேட்டு வா!"