வெயிலும் ஒலியின் வேகமும்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் மேல்நிலைப் பள்ளிகளில் பதினோராம் வகுப்பு மாணாக்கர் செய்யும் பௌதிகச் சோதனைகளுள், ஒத்ததிர்வுத் தம்பத்தால் காற்றில் ஒலியின் வேகத்தைக் காணும் சோதனையைப் போல் உஷ்ணப் பிரதேசத்துப் பிள்ளைகளுக்கு உகந்தது பிறிதொன்றில்லை என்பது என் துணிபு. வினாடிக்கு 512 முறை அதிரும் இசைக்கவையைக் குழாயின் வாயருகே பிடித்து, நீர்மட்டத்தை மெல்ல மெல்லத் தாழ்த்திக்கொண்டே வர, ஏறத்தாழ 16 சென்டிமீட்டரில் ஒரு முறையும் 50 சென்டிமீட்டரில் மறுமுறையும் காற்றுத்தம்பம் கணீரென்று முழங்குகிறது. அவ்விரு நீளங்களின் வித்தியாசத்தை இரட்டித்து அதிர்வெண்ணால் பெருக்கினால், குழாயின் முனையில் நேரும் பிழையும் தானே நீங்கி, வேகம் வினாடிக்குச் சுமார் 348 மீட்டர் என்று வந்துவிடுகிறது. இது 28 டிகிரி வெப்பத்துக்குப் பொருந்திய விடை. நூல்களில் காணும் 331 மீட்டரோ பூஜ்ய டிகிரிக்கு உரியது. டிகிரி ஒன்று உயர ஏறக்குறைய 0.6 மீட்டர் கூடும் ஆதலால், சித்திரை மாதத்தில் சோதனைச் சாலையின் காற்று 40 டிகிரியை எட்டுமாயின் அரியலூர்ப் பிள்ளை காண வேண்டியது 355. அந்த எண்ணைக் கண்டு அஞ்சி, அச்சிட்ட எண்ணுக்கு இணங்கத் தன் அளவைத் திருத்துவது விஞ்ஞானத்துக்கு இழைக்கும் துரோகமாகும். ஆசிரியப் பெருமக்கள் சோதனைச் சாலையில் ஒரு வெப்பமானியை மாட்டிவைத்து, அன்றைய வெப்பத்தையும் தான் கண்ட வேகத்தையும் உள்ளபடி எழுதிய மாணாக்கருக்கே முழு மதிப்பெண் வழங்குமாறு வேண்டுகிறேன்.